மோரிஸ் மைனரில் டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர்: வயரிங் எப்படி?

மொரீஷியஸின் காத்ர் போர்னிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா ஓட்டிய 1966 மோரிஸ் மைனர் 1000 இப்போது அவர் கையில். கியூர்பீப்பிலிருந்து மாலை மழையில் இறங்கி வரும்போது, வண்டிகள் வரிசையில் நின்றுவிட்டால் ஹெட்லைட் மஞ்சளாகி, வைப்பர் தவழ ஆரம்பித்துவிடுகிறதாம். தெரிந்தவர் ஒருவர் லூக்காஸ் 17 ஏ.சி.ஆர் ஆல்டர்னேட்டர் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். "இரண்டு வயரைக் கொடுத்தால் போதும், ஓடும்" என்று ஒரு பட்டறையில் சொன்னார்களாம். அது சரியா, பேட்டரியைத் திருப்பிப் போட வேண்டுமா, பழைய வயர்களையே வைத்துக்கொள்ளலாமா என்பது கேள்வி.

தம்பி, இரண்டு வயர் என்பது ஒரு வகையில் உண்மைதான். ஆனால் அந்த இரண்டு வயரை மாட்டும் முன் செய்ய வேண்டியதைச் செய்யாமல் மாட்டினால், சாவியைத் திருப்பும் முன்பே ஆல்டர்னேட்டர் போய்விடும். உங்கள் வண்டி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்திருக்கும். 17 ஏ.சி.ஆர் நெகட்டிவ் எர்த்துக்கானது. இந்த ஒரு விஷயத்தைத் தவறவிட்டவர்கள்தான் எங்கள் பட்டறைக்கு அதிகம் வருகிறார்கள்.

முதலில், பேட்டரியை சார்ஜ் செய்யும் உங்கள் டைனமோவைக் குற்றம் சொல்லாதீர்கள். அது கெட்டுப்போயிருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் வண்டியில் இருக்கும் லூக்காஸ் சி40 டைனமோ நன்றாகச் சுற்றும்போது தரக்கூடியது 22 ஆம்பியர். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹாலஜன் பல்பு போட்டிருந்தால் டிப்பில் 55 வாட் இரண்டு, அது 9 ஆம்பியர். பார்க்கிங் விளக்கு, பின் விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு எல்லாம் சேர்ந்து இரண்டரை. வைப்பர் சுமார் 3, இக்னிஷன் மூன்றரை. வரிசையில் பிரேக்கை மிதித்துக்கொண்டு நின்றால் அதற்கு இன்னொரு மூன்றரை. ஆக 21 ஆம்பியருக்கு மேல் செலவு. வரவோ ஐடிலில் கிட்டத்தட்ட பூஜ்யம், ஏனென்றால் டைனமோ வேகமாகச் சுற்றினால்தான் கொடுக்கும். நின்ற நேரமெல்லாம் பேட்டரிதான் சுமக்கிறது. அறுபதுகளில் இந்தத் தீவின் சாலைகளில் இவ்வளவு நேரம் யாரும் வரிசையில் நின்றதில்லை, இந்த வண்டிகளில் ஹாலஜனும் இல்லை. அந்தக் காலத்துக்கு அந்த டைனமோ போதுமானதாகவே இருந்தது.

ஆனாலும் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். டைனமோவிலிருந்து டி, எஃப் என்ற இரண்டு வயரையும் உருவிவிட்டு, டைனமோவில் இருக்கும் அந்த இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். மீட்டரின் ஒரு முனை அந்த இணைப்பில், மறுமுனை டைனமோவின் உடம்பில். எஞ்சினைக் கிளப்பி மெதுவாக ஆக்ஸிலேட்டரைக் கூட்டினால், நிமிடத்துக்கு 1000 சுற்று வருவதற்குள் சுமார் 20 வோல்ட் வரை சீராக ஏற வேண்டும். அதற்கு மேல் முறுக்க வேண்டாம். ஒரு வோல்ட்டோடு நின்றால் கோளாறு காந்தம் தரும் ஃபீல்டு சுருளில், நான்கைந்து வோல்ட்டில் நின்றால் நடுவில் சுற்றும் ஆர்மெச்சரில், ஒன்றுமே வராவிட்டால் பார்க்க வேண்டியது முதலில் கார்பன் பிரஷ். 20 வந்துவிட்டால் டைனமோ நல்லது. துடைத்துத் துணியில் சுற்றி அலமாரியில் வையுங்கள். அப்பாவின் வண்டியை நாளைக்குப் பழையபடியே ஆக்க ஆசை வரலாம். பகலில் மட்டும், வெள்ளைக்காரன் விட்ட அதே பல்புகளோடு ஓட்டுபவருக்கு ஆல்டர்னேட்டர் தேவையே இல்லை என்பதுதான் என் எண்ணம். உங்களுக்குத் தேவை. கியூர்பீப் மழையில் இரவில் ஓட்டும் வண்டிக்கு வெளிச்சம் உயிர் சம்பந்தப்பட்டது.

ஆல்டர்னேட்டர் ஏன் ஐடிலிலேயே கொடுக்கிறது? டைனமோவில் கரண்ட் பிறக்கும் கனமான சுருள்தான் சுற்றுகிறது. முழுக் கரண்டும் பிரஷ் வழியாக வெளியே வர வேண்டும். வேகம் கூடினால் சுருளே பிய்ந்து வெளியே தள்ளும். ஆல்டர்னேட்டரில் கரண்ட் பிறக்கும் சுருள் அசையாமல் நிற்கிறது. நடுவில் சுற்றும் ரோட்டருக்குச் சில ஆம்பியர் போனால் போதும். அதனால் சின்ன புல்லி போட்டு வேகமாகச் சுற்றவிடலாம். வெளிவரும் ஏ.சி.யை டி.சி. ஆக்குவது உள்ளே இருக்கும் டயோடுகள். டயோடு ஒரே திசையில்தான் விடும். பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் மொத்த பேட்டரியும் டயோடு வழியாக ஷார்ட் ஆகும். ஒரு நொடி போதும்.

இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒருவரின் மைனரை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றி ஆல்டர்னேட்டர் போட்டுக் கொடுத்தேன். நன்றாக ஓடியது. அடுத்த வருடம் பேட்டரி செத்து, வேறு ஒரு கடையில் புதியது வாங்கி மாட்டியிருக்கிறார்கள். மோரிஸ் என்றால் பாசிட்டிவ் எர்த் என்பது அந்தக் கடைக்காரருக்குத் தெரியும், அதனால் அப்படியே மாட்டியிருக்கிறார். தவறு அவருடையதல்ல, எழுதி வைக்காத என்னுடையது. வண்டி என்னிடம் வந்தபோது ஆல்டர்னேட்டரின் பின் மூடியைத் திறந்தேன். டயோடு தட்டு கருகி, வார்னிஷ் எரிந்த வாடை இன்னும் போகவில்லை. அன்றிலிருந்து பேட்டரி தட்டின் பக்கத்தில் வெள்ளை பெயின்டில் "நெகட்டிவ் எர்த்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதாமல் ஒரு வண்டியையும் வெளியே விடுவதில்லை. நீங்களும் எழுதுங்கள்.

சரி, துருவத்தை மாற்றுவது எப்படி? பேட்டரியைக் கழற்றி எதிர்ப்பக்கமாகத் திருப்பி வையுங்கள். பாசிட்டிவ் முனை நெகட்டிவ் முனையைவிடச் சற்றுத் தடிமன். அதனால் பழைய கிளாம்புகள் ஒன்று இறுகாது, மற்றொன்று உள்ளே போகாது. சுத்தியலால் தட்டி ஏற்றாமல் புதுக் கிளாம்பு போடுங்கள். அப்புறம் இக்னிஷன் காயில். அதில் எஸ்.டபிள்யூ, சி.பி என்று இருந்தால் இரண்டு வயரையும் இடம் மாற்றுங்கள். கூட்டல், கழித்தல் குறி உள்ள காயிலாக இருந்தால் கூட்டலுக்கு இக்னிஷனிலிருந்து வரும் வெள்ளை வயர், கழித்தலுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் வயர். மாற்றாவிட்டாலும் வண்டி ஓடும், ஆனால் ஸ்பார்க் பலவீனமாகும்.

செல்ஃப் மோட்டாருக்குத் துருவம் பற்றிக் கவலை இல்லை. விளக்குக்கும் ஹார்னுக்கும் இல்லை. பழைய லூக்காஸ் வைப்பர் மோட்டாரில் காந்தத்துக்குப் பதில் சுருள் இருப்பதால் அதுவும் திசை மாறாது. யாராவது பிற்காலத்தில் நிரந்தரக் காந்த மோட்டார் வைத்திருந்தால், வைப்பரோ ஹீட்டர் ஃபேனோ, தலைகீழாகச் சுற்றும். அதன் இரண்டு வயரை மாற்றினால் சரி. எஸ்.யூ. பெட்ரோல் பம்ப் சாதாரண பாயின்ட் வகையானால் பிரச்சினை இல்லை. டயோடு வைத்ததோ எலக்ட்ரானிக் வகையோ என்றால் அதன் மேல் எந்த எர்த் என்று எழுதியிருக்கும், பாருங்கள். பாசிட்டிவ் எர்த்துக்காக வாங்கிய எலக்ட்ரானிக் இக்னிஷன் இருந்தால் அது இனி உதவாது. பழைய ரேடியோவும் அப்படித்தான்.

இனி வயரிங். போனட்டுக்குள் தடுப்புச் சுவரில் டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்தும், கறுப்பு மூடி போட்ட கட்-அவுட் பெட்டி இருக்கிறதல்லவா, அதன் அடியில் ஐந்து முனைகள்: ஏ, ஏ1, எஃப், டி, இ. ஏ முனைக்கு வரும் பழுப்பு வயர் பேட்டரியிலிருந்து வருகிறது. ஏ1-லிருந்து புறப்படும் பழுப்பு-நீல வயர் வண்டி முழுக்க மின்சாரம் கொண்டு போகிறது. டி-யில் தடித்த மஞ்சள் வயர் டைனமோவுக்கும், மெல்லிய மஞ்சள் வயர் டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு எச்சரிக்கை விளக்குக்கும் போகிறது. எஃப்-இல் மஞ்சள்-பச்சை வயர் டைனமோவின் ஃபீல்டுக்கு. இ-யில் கறுப்பு எர்த். ஐம்பது வருடத்தில் யாராவது வேறு நிறத்தில் ஒட்டுப் போட்டிருக்கலாம். ஆகவே நிறத்தை நம்பி வெட்டாமல், மீட்டர் வைத்து ஒவ்வொன்றும் எங்கே போய் முடிகிறது என்று பார்த்து, காகிதப் பட்டையில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி கழற்றியே இருக்கட்டும். ஆல்டர்னேட்டருக்குள்ளேயே ரெகுலேட்டர் இருப்பதால் இந்தப் பெட்டிக்கு இனி வேலை இல்லை. பழுப்பையும் பழுப்பு-நீலத்தையும் பெட்டியிலிருந்து எடுத்து ஒன்றாக இணைக்க வேண்டும். இந்த இணைப்பில் சாவி அணைந்தாலும் மின்சாரம் இருக்கும், ஃபியூஸும் கிடையாது. ஆகவே முறுக்கி டேப் சுற்றுவது கூடாது. மூடி போட்ட போல்ட் டெர்மினல் ஒன்றில், வயர் முனைகளில் லக் (ஓட்டை உள்ள உலோக முனை) அடித்து இறுக்குங்கள். அடுத்து மஞ்சள்-பச்சை வயரையும் எச்சரிக்கை விளக்கிலிருந்து வரும் மெல்லிய மஞ்சள் வயரையும் சேர்த்துவிடுங்கள். முன்பு டைனமோ ஃபீல்டுக்குப் போன அதே மஞ்சள்-பச்சை வயர்தான் இனி விளக்கிலிருந்து ஆல்டர்னேட்டருக்குப் போகும் வயர். புதிதாக இழுக்க வேண்டியதில்லை. கறுப்புப் பெட்டியை வெறுமனே அதன் இடத்திலேயே விட்டுவிட்டால் போனட் திறந்தால் பார்வைக்கும் அப்படியே இருக்கும்.

தடித்த மஞ்சளை மட்டும் மறுபடி பயன்படுத்தாதீர்கள். பலர் அதையே ஆல்டர்னேட்டர் வெளியீட்டுக்கு மாட்டிவிடுகிறார்கள், ஓடவும் செய்கிறது. அது 22 ஆம்பியருக்குப் போட்ட வயர். 17 ஏ.சி.ஆர் 36 ஆம்பியர் தரும். செத்த பேட்டரியோடு கிளப்பிய ஒரு நாளில் அந்த 36-ம் போகும், பழைய உறை உருகும். இரண்டு முனையிலும் உறை மாட்டி ஓரமாகக் கட்டிவிட்டு, 6 சதுர மில்லிமீட்டர் ஆட்டோ வயரை ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக இழுங்கள். எங்கே? சாவியில் செல்ஃப் வரும் வண்டியானால் சொலினாய்டில், அதாவது செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரம் விடும் ஸ்விட்சில், பேட்டரி கேபிள் வரும் அதே போல்ட்டுக்கு. குமிழை இழுத்துக் கிளப்பும் வண்டியானால் செல்ஃப் சுவிட்சில் அதே பக்கத்துக்கு. அந்த முனைக்கு அருகில் 50 ஆம்பியர் போல்ட் ஃபியூஸ் ஒன்று. 40 ஆம்பியரில் போட்டு இறுக்கிப் பிடிக்க வேண்டாம்: எஞ்சின் ஓடும்போது இந்த ஃபியூஸ் போனால் ஆல்டர்னேட்டருக்கே ஆபத்து.

17 ஏ.சி.ஆரின் பின்னால் பாருங்கள். அகலமான தகடுகள் இரண்டு, சிறியது ஒன்று. அகலமானவை இரண்டும் வெளியீடு, உள்ளே ஒன்றாகச் சேர்ந்தவை. புது வயர் அங்கே. சிறியது எச்சரிக்கை விளக்குக்கு, மஞ்சள்-பச்சை அங்கே. இதற்கென்று வார்த்த மூன்று முனை பிளக் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். சில பழைய ஏ.சி.ஆர்களில் பேட்டரி வோல்ட்டேஜைத் தனி வயரில் அளக்கும் இன்னொரு முனை உண்டு. உங்களுடையது அந்த வகையானால் அந்த வயரையும் பேட்டரி பக்கம் கொடுத்தே ஆக வேண்டும்.

அந்தச் சிவப்பு விளக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அது வெறும் எச்சரிக்கை அல்ல. சாவியைத் திருப்பியதும் அந்த 2.2 வாட் பல்பு வழியாகப் போகும் சுமார் 0.2 ஆம்பியர்தான் ரோட்டருக்கு முதல் காந்தத்தைக் கொடுக்கிறது. அது கிடைத்தால் ஆல்டர்னேட்டர் எழுந்துகொள்ளும், பிறகு தன் காந்தத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். பல்பு எரிந்துபோயிருந்தால் எஞ்சினை நன்றாக முறுக்கும் வரை சார்ஜ் ஆகாது, சில சமயம் ஆகவே ஆகாது. டேஷ்போர்டு அழகாக இருக்கட்டும் என்று எல்.இ.டி. போட்டவர்களுக்கும் இதே கதி. எல்.இ.டி.தான் வேண்டுமென்றால் அதற்கு இணையாக 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று வைக்க வேண்டும்.

பொருத்துவதில் சொல்ல அதிகம் இல்லை. மினி காரில் இருக்கும் அதே ஏ-சீரிஸ் எஞ்சின்தான், மினிக்கு வந்த பிராக்கெட் கிடைத்தால் நல்லது. காயில் டைனமோவின் முதுகில் கட்டியிருந்தால் அதற்கு வேறு இடம் பாருங்கள். மூன்று புல்லியும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று நேரான சட்டம் வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் வாஷர் வைத்துத் தள்ளுங்கள். பெல்ட்டின் நீண்ட பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம், அதாவது 12, 13 மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும். இறுக்குவதற்குக் கம்பி வைத்து நெம்பினால் புல்லி இருக்கும் முன் பக்கத்தில் மட்டும் நெம்புங்கள். பின் பக்கம் நெம்பினால் அலுமினிய உடம்பு விரியும்.

எர்த்தை மறந்துவிடாதீர்கள். எஞ்சின் ரப்பரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாடிக்கும் அதற்கும் உள்ள ஒரே உறவு அந்தப் பின்னல் எர்த் பட்டைதான். கடல் காற்றில் அது உள்ளுக்குள்ளேயே பச்சை பூத்து உதிரும். மஹேபூரிலிருந்து வந்த ஒரு வண்டியில் அந்தப் பட்டையைக் கையால் பிடித்ததும் பொடியாகிவிட்டது. அதுவரை செல்ஃப் அடித்த கரண்ட் எல்லாம் சோக் கம்பி வழியாகத் திரும்பியிருக்கிறது. சோக் குமிழ் ஏன் சுடுகிறது என்று அவர் மாதக் கணக்காக யோசித்துக்கொண்டிருந்தார். புதுப் பட்டை போடுங்கள். போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டிப் பளபளவென்று உலோகம் தெரிய வையுங்கள், இறுக்கிய பிறகு வாசலின் தடவுங்கள். லக்குகளைப் பற்றவைப்பதைவிட நல்ல கிரிம்பிங் கருவியால் அழுத்துவதே மேல் என்பேன். ஈயம் ஊறிய இடத்தில் வயர் விறைத்து, அதிர்வில் அந்த விளிம்பிலேயே ஒடிகிறது.

பேட்டரியை முதலில் வெளியே சார்ஜர் போட்டு நிரப்புங்கள். காலி பேட்டரியை நிரப்பும் வேலையைப் பழைய ஆல்டர்னேட்டரின் தலையில் போட்டால் அது சூடாகி வதங்கும். பிறகு மாட்டுங்கள், கடைசியாக மாட்டுவது எர்த். மாட்டும்போது பெரிய பொறி பறந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சாவியைத் திருப்பினால் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிய வேண்டும். எரியாவிட்டால் ஆல்டர்னேட்டர் பிளக்கை உருவி, மஞ்சள்-பச்சை முனையை எஞ்சினில் தொட்டுப் பாருங்கள். அப்போது எரிந்தால் பல்பும் வயரும் சரி, கோளாறு ஆல்டர்னேட்டருக்குள். எஞ்சின் கிளம்பியதும் விளக்கு முழுவதுமாக அணைய வேண்டும். மங்கலாக மினுங்கிக்கொண்டே இருந்தால் டயோடு ஒன்று போயிருக்க வாய்ப்பு.

மீட்டரை பேட்டரியில் வையுங்கள். நிற்கும்போது 12.6, எஞ்சின் ஓடும்போது 13.9-லிருந்து 14.4-க்குள். ஹெட்லைட், வைப்பர் எல்லாவற்றையும் போட்டு ஐடிலில் விட்டாலும் 13-க்குக் கீழே இறங்கக் கூடாது. 14.8-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் சரியில்லை, ஓட்டாதீர்கள், பேட்டரி கொதிக்கும். எல்லா விளக்கும் எரியும்போதே மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் அகலத் தகட்டிலும் மறுமுனையை பேட்டரி பாசிட்டிவிலும் வைத்துப் பாருங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையில் எங்கோ இணைப்பு சரியில்லை. அதேபோல ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே. இந்த இரண்டு அளவுகளையும் எடுக்காமல் வேலை முடிந்தது என்று சொல்ல நான் ஒப்புக்கொள்வதில்லை.

ஒரு பழைய வழக்கத்தை மட்டும் உங்கள் வண்டிக்குப் பக்கத்தில் வரவிடாதீர்கள். டைனமோ காலத்து மெக்கானிக்குகள் சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போதே பேட்டரி கிளாம்பைத் தூக்கிவிடுவார்கள். எஞ்சின் நிற்காவிட்டால் டைனமோ நல்லது என்று அர்த்தம். ஆல்டர்னேட்டரில் அப்படித் தூக்கினால் வோல்ட்டேஜ் ஒரே கணத்தில் தாறுமாறாக ஏறி டயோடையும் ரெகுலேட்டரையும் கொன்றுவிடும். அந்த மெக்கானிக் ஐயா அனுபவசாலிதான், வயதில் பெரியவர்தான், ஆனாலும் கையைப் பிடித்துத் தடுங்கள். துருப்பிடித்த அடித்தளத்துக்கு வெல்டிங் செய்யக் கொடுத்தாலும் அதற்கு முன் பேட்டரியையும் ஆல்டர்னேட்டர் பிளக்கையும் கழற்றிவிட்டுக் கொடுங்கள்.

ஆல்டர்னேட்டர் போட்ட பிறகும் ஹெட்லைட் எதிர்பார்த்த அளவு பிரகாசமாக இல்லையென்றால், கரண்ட் பழைய ஸ்விட்சிலும் காலால் மிதிக்கும் டிப் சுவிட்சிலும் தேய்ந்துபோகிறது. ஹைக்கு ஒன்று, டிப்புக்கு ஒன்று என இரண்டு ரிலே (சின்ன கரண்டில் இயங்கி பெரிய கரண்டை விடும் ஸ்விட்ச்) வைத்தால் வித்தியாசம் அன்றிரவே தெரியும். அதற்கான மின்சாரத்தை சொலினாய்டின் அதே போல்ட்டிலிருந்து தனி ஃபியூஸ் போட்டு எடுங்கள்.

அப்புறம், கடைக்குப் போகும்போது அந்த 2.2 வாட் சிவப்பு விளக்குப் பல்பு இரண்டாக வாங்குங்கள். திருகி ஏற்றும் சின்ன வகை, லூக்காஸ் எண் 987. ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதைப் பஞ்சில் சுற்றி டேஷ்போர்டு பெட்டிக்குள் வையுங்கள்.